கப்பலில் இருந்து ஓவர்

"ஓவர் சொல்லாமல் வாயை மூடினியள் எண்டால் கலியாணம் குழம்பும்," என்றாள் அற்புதராணி.

கிறகோரியின் மீன்வலைக் கடைத் தொலைபேசியைச் சுற்றிக் குருநகரில் பாதி நின்றது. மீதிப் பாதிக்குக் கடைக்குள் இடம் கிடைக்கவில்லை. மத்தியதரைக் கடலில் எங்கோ மிதந்துகொண்டிருக்கும் கப்பலில் இருந்து அற்புதராணியின் தம்பி லியோன் இன்று பேசப்போகிறானாம். அவன் அந்தக் கப்பலில் பெரிய ஒபிசராம். பேசப்போவது தன் வருங்கால மனைவி யசிந்தாவோடு.

'வருங்கால மனைவி' என்பது அற்புதராணியின் பேச்சு. யசிந்தா இன்னும் சம்மதம் சொல்லவில்லை.

"இது சும்மா போன் இல்லை, கப்பல் றேடியோ," என்று அற்புதராணி மறுபடியும் விளக்கினாள். "ஒரு நேரத்திலை ஒரு ஆள்தான் கதைக்கலாம். நீங்கள் கதைக்கேக்கை அவன்ரை பக்கத்துச் சத்தம் ஒண்டும் இஞ்சை வராது. நீங்கள் ஓவர் எண்டு விட்டாப் பிறகுதான் அவன்ரை குரல் வரும்."

இந்தப் பாடத்தை அவள் ஒரு கிழமையாக நடத்திவருகிறாள். படித்தது பெண் வீட்டார், பாஸானது ஊர். மீன் சந்தையில் "பாரை என்ன விலை, ஓவர்" என்று கேட்டார்கள். விலையைக் கேட்டு மயக்கம் வந்தவர்கள்கூட, கேட்டது என்பதற்கு அடையாளமாக "றோஜர்" சொல்லிவிட்டே நகர்ந்தார்கள். பாவசங்கீர்த்தனத்தில் ஒருத்தி பாவங்களை அடுக்கி முடித்து "ஓவர்" என்றாளாம், கேட்டுக்கொண்டிருந்த பங்குச் சுவாமி "றோஜர்" என்றாராம். இதைச் சொல்லித் திரிந்தவர் கிறகோரி என்பதால் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

முகத்தைக் காணாத மாப்பிள்ளைக்கு இத்தனை மரியாதை எதற்கு என்று கேட்கக்கூடாது. சண்டை நடந்து, மீன்பிடிக்கக் கடலுக்குப் போக நேவி விடாத காலம் அது. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்து வெயில் காய்ந்தன. கப்பலில் சம்பளம் எடுக்கிறவன் என்றால், அவனுக்கு மூக்கு இருக்கிறதா என்று விசாரிப்பதுகூட அதிகப்பிரசங்கித்தனம்.

யசிந்தாவுக்குப் பிரச்சினை மூக்கு இல்லை, கப்பல். அவளுடைய அக்கா யோசப்பினின் புருசனும் கப்பல்காரன்தான். போனமுறை அவன் வந்து இறங்கியபோது, அவன் பெற்ற பிள்ளையே "அம்மா, ஆரோ ஒரு மாமா வந்திருக்கிறார்" என்று சொல்லிக் கதவைச் சாத்தியது.

கடிதத்தோடு குடும்பம் நடத்தத் தன்னால் ஏலாது என்று யசிந்தா அழுதாள். தாய் மரியநாயகி அவளைவிடச் சத்தமாக அழுது வென்றாள். கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. யசிந்தா மாப்பிள்ளையோடு ஒருதரம் கதைப்பாள். கதைத்த இடத்திலேயே ஓம் அல்லது இல்லை என்று சொல்லிவிடுவாள். அதற்குப் பிறகு யாரும் அழக்கூடாது.

தொலைபேசி அடித்தது. மரியநாயகி பாய்ந்து எடுத்தாள்.

"தம்பி, சுகமா இருக்கிறியளோ, ஓவர்."

அவள் கத்திய கத்தலுக்குத் தொலைபேசி தேவைப்பட்டிருக்காது. அந்தப் பக்கத்தில் இருந்து வந்த பதிலை வாய் திறந்தபடி கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிசீவரை மகளிடம் நீட்டினாள்.

யசிந்தாவின் நாக்கு நுனியில் 'இல்லை' தயாராக இருந்தது. எடுத்த எடுப்பிலேயே அதைச் சொல்வது மரியாதை இல்லையே என்று வேறு கதை தொடங்கினாள்.

"அம்மா உங்களோடை கதைக்க ஒரு கிழமையாப் பயிற்சி. நேற்றுச் செபமாலை முடிக்கேக்கை ஆமென் எண்டு சொல்லாமல்..."

வசனம் முடியவில்லை. ரிசீவரையும் மீறிக்கொண்டு ஓர் ஆண் சிரிப்புக் கடைக்குள் கேட்டது. மாப்பிள்ளை நல்ல சிரிப்புக்காரன்தான் என்று கிறகோரி சான்றிதழ் கொடுத்தார். அற்புதராணிக்கு ஏனோ இருமல் வந்தது.

யசிந்தா ரிசீவரை ஒருதரம் விலக்கிப் பார்த்தாள். பிறகு காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, முன்னையைவிட நிதானமாகத் தொடர்ந்தாள்.

"ஆமெனுக்குப் பதிலா ஓவர் எண்டு போட்டா. அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கிழவனும்..."

மறுபடியும் அதே சிரிப்பு. இந்தமுறை யசிந்தாவும் சேர்ந்து சிரித்தாள். ஒரு கிழமையாக வீங்கிக் கிடந்த முகம் மலர்ந்ததைக் கண்ட மரியநாயகி, புனித யாக்கப்பருக்கு ஒரு கட்டு மெழுகுதிரி நேர்ந்தாள்.

"எனக்குச் சம்மதம். ஓவர்," என்றாள் யசிந்தா.

கடை கைதட்டியது. அற்புதராணி நெற்றி வியர்வையைத் துடைத்தபடி எல்லாருக்கும் சோடா உடைக்கச் சொன்னாள். கப்பல் மாப்பிள்ளை பிடித்த பெருமையோடு மரியநாயகி வீட்டுக்கு நடந்தாள். வழியில் அவளால் பொறுக்க முடியவில்லை.

"கப்பல்காரன் வேண்டாம் எண்டு அந்த அழுகை அழுதனி. குரலைக் கேட்ட உடனை மனம் மாறீட்டுதோ, பிள்ளை?"

"குரல் இல்லையம்மா, சிரிப்பு. நான் கதைச்சு முடிக்க முதல் சிரிச்சவர். ரெண்டாந்தரமும் வேணுமெண்டுதான் சிரிக்க வைச்சுப் பாத்தனான்."

"சிரிச்சால் என்ன?"

"கப்பல் றேடியோ எண்டால், நான் ஓவர் சொல்ல முதல் அவரின்ரை சத்தம் எப்பிடி இஞ்சை வரும்? ஆள் கரையிலைதான் நிக்கிறார்."