நூற்றுப்பன்னிரண்டாம் இலக்கச் சீடி

"கையில இருக்கிறதுதான்ரா சொந்தம். ஆகாயத்தில கிடக்கிறதை நம்பினா இப்பிடித்தான் வாயைப் பிளந்துகொண்டு இருக்கவேணும்!"

தில்லைநாதனுக்கு அன்றைக்குக் கொண்டாட்டம். முதல்நாள் விழுந்த இடியோடு விசுவமடுவில் போன் சிக்னல் செத்துப்போயிருந்தது. சந்தியில் போன் கடை வைத்திருக்கும் மச்சான் கிருசாந்தன், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாய்ப் படம் பார்க்க வழியில்லாமல் அக்கா வீட்டுக்கு வந்து குந்தியிருந்தான்.

"நீங்களும் உங்கடை கண்டறியாத சீடியளும், அத்தான்! அலுமாரி நிறைய அடைச்சு வைச்சிருக்கிறியள். உதெல்லாம் இப்ப போனுக்குள்ளயே கிடக்கு."

"இண்டைக்கு எங்கை கிடக்காம்?"

கிருசாந்தன் கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தான்.

முன்னூற்று நாற்பது படச் சீடிகள். ஒவ்வொன்றிலும் நீல மையால் இலக்கம் போட்டு, பக்கத்தில் 'தி.நா.' என்று எழுதி வைத்திருந்தார் தில்லைநாதன். தலை போனாலும் இரவல் கொடுக்கமாட்டார். தூசி தட்ட மனைவி விமலேஸ்வரிக்கு மட்டும் அலுமாரியில் கைவைக்க அனுமதி உண்டு.

"போனில பாக்கிறதெல்லாம் ஒரு படமே? சத்தியமாச் சொல்லுறன், நான் தொட்டும் பாக்கமாட்டன்."

"அப்ப மாசம் மூண்டு தரம் உங்கடை போனுக்கு டேற்றா போட்டு விடுறனே, அது எங்கை போகுது?"

"நெல் விலை பாக்கிறனான்."

குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த விமலேஸ்வரிக்கு இருமல் வந்தது.

தில்லைநாதன் பிளேயரைத் திறந்தார். உள்ளே பல்லி இரண்டு முட்டை இட்டிருந்தது. "வயலில அருவி வெட்டு நேரம், ஆருக்கு நேரமிருந்தது" என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டிவிட்டார். பிறகு நூற்றுப்பன்னிரண்டாம் இலக்கப் பெட்டியை எடுத்து, மச்சானின் முகத்துக்கு நேரே பிடித்துத் திறந்தார்.

வெறும் பெட்டி.

அடுத்ததைத் திறந்தார். அதுவும் வெறுமை. அதற்கடுத்ததும்.

கிருசாந்தன் சிரித்த சிரிப்பில் கதிரையால் விழப் பார்த்தான். "கையில இருக்கிறதுதான் சொந்தமோ, அத்தான்?"

தில்லைநாதனுக்குக் கோபம் உச்சியில் ஏறியது. "நீதான்ரா எடுத்தனி! என்னையும் போனுக்கு மாத்தவேணும் எண்டு செய்த வேலை!"

"இந்தக் காலத்தில சீடி களவெடுக்கிற கள்ளன் இருந்தா, சந்தியில அவனுக்குச் சிலையெல்லோ வைக்கவேணும்!"

"பகிடி விடாதை. இனி இந்தப் படலை திறந்து நீ வரக்கூடாது!"

கிருசாந்தனின் சிரிப்பு நின்றது. எழுந்து போய்விட்டான்.

தில்லைநாதன் எண்ணிப் பார்த்தார். நாற்பத்தொரு பெட்டி வெறுமை. "அவன்ரை கடையைப் புரட்டி எடுக்கிறன்" என்று சைக்கிளில் ஏறினார். "கொஞ்சம் பொறுங்கோவன்" என்று விமலேஸ்வரி கூப்பிட்டது காதில் விழவில்லை.

வாய்க்கால் திருப்பத்தில் பளீரென்று ஒரு வெளிச்சம் கண்ணில் அடித்தது. பிறகு இன்னொன்று. சைக்கிள் தள்ளாடி நின்றது.

அது சுதாஜினியின் கச்சான் கடலைத் தோட்டம். புருசனில்லாமல் இரண்டு பிள்ளைகளோடு தனியே செய்கிறாள். தடி நட்டு, நூல் இழுத்து, நூல் முழுக்கச் சீடிகள் கட்டியிருந்தாள். அவை காற்றில் சுழன்று நாலு பக்கமும் வெயிலை வீசிக்கொண்டிருந்தன. வேலியில் நின்ற மயிலொன்று இறங்கப் பார்த்தது. பிறகு ஏன் வில்லங்கம் என்று நினைத்ததுபோலத் திரும்பிப் பறந்தது.

கிட்டப் போய் ஒன்றைப் பிடித்துத் திருப்பினார். 112. தி.நா.

கத்துவதற்கு வாயெடுத்த நேரம் சுதாஜினி ஓடிவந்தாள்.

"அண்ணை! வீட்டை வந்து சொல்லவேணும் எண்டுதான் இருந்தனான். நீங்கள் செய்த உதவியை மறக்கமாட்டன்."

"நானோ?"

"ஓமண்ணை. மயிலும் கிளியும் ஒண்டையும் விட்டுவைக்கேல்லை. பிள்ளையள் ரெண்டும் பள்ளிக்கூடம் போகாமல் மாறிமாறித் தகரம் தட்டிக்கொண்டு நிண்டதுகள். அதைக் கண்டிட்டு அண்ணைதான் குடுத்துவிட்டவர் எண்டு விமலா அக்கா கொண்டுவந்து தந்தவா. மூண்டு கிழமையா ஒருநாள் தவறாமல் பள்ளிக்குப் போகினம்."

தில்லைநாதன் பிடித்திருந்த சீடியை மெல்ல விட்டார். அது சுழன்று அவருடைய முகத்திலேயே வெளிச்சம் அடித்தது.

"அது... கிழக்கு மூலை வெறுமையாக் கிடக்கே, பிள்ளை?"

"அதுக்கு இன்னும் ஒரு பத்து வேணும், அண்ணை. கேக்க வெக்கமாக் கிடந்தது."

சந்தியில், பூட்டிய கடை வாசலில் கிருசாந்தன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தான்.

"ஏறடா பின்னாலை. உன்ரை அக்கா கோழி காய்ச்சிறா" என்றார் தில்லைநாதன். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

விமலேஸ்வரி படலையடியிலேயே நின்றாள்.

"தோட்டத்துக்குப் போனனான்" என்றார். "என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமெல்லே?"

"கேட்டா தந்திருப்பீங்களோ?"

தில்லைநாதன் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். "சரி, குடுத்தது குடுத்ததுதான். கிழக்கு மூலைக்கு இன்னும் பத்து வேணுமாம். ஆனால் ஒண்டு கேக்கிறன், முன்னூற்று நாப்பது கிடக்க, என்ர நல்ல நல்ல படங்களாப் பாத்து ஏன் எடுத்தனீர்?"

அந்த நேரம் பார்த்து அவருடைய சட்டைப் பையில் போன் கிணிங் கிணிங் என்றது. சிக்னல் வந்துவிட்டது.

"மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னாலை ஒளிச்சிருந்து நீங்கள் போனில பாத்து முடிச்ச படங்களை மட்டும்தான் எடுத்தனான்" என்றாள் விமலேஸ்வரி. "மூலைக்குப் பத்து வேணுமெண்டால், போய்க் கெதியாப் பாத்து முடியுங்கோ!"