வைரஸ் நுழையாத கிளை

"பதிமூணு கிளையிலயும் புகுந்த வைரஸ், நம்ம கிளை வாசலை மட்டும் மிதிக்கலை. ஏன்? மிதிக்க விடமாட்டோம்!"

மேலாளர் இதைச் சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காகக் கொஞ்சம் இடைவெளி விட்டார். கேஷியர் அக்காவும் ஸ்டோர்கீப்பர் அண்ணனும் தட்டினார்கள். ஆள் இரண்டே பேர் என்பதால் கொசு அடிப்பது போலத்தான் கேட்டது. மேலாளருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

குழாயும் வால்வும் விற்கிற நிறுவனம் அது. மொத்தம் பதினான்கு கிளைகள். மூன்று வாரங்களுக்கு முன், ஒரே நாளில், பதிமூன்று கிளைகளின் கம்ப்யூட்டர்களும் படுத்துவிட்டன. எந்த ஃபைலைத் தொட்டாலும் ஒரு பூட்டுப் படம் வந்து நின்றது. இந்த ஒரு கிளையில் மட்டும் ஒரு கீறல் இல்லை. அந்த ரகசியத்தைத் தெரிந்துகொள்ளத்தான் தலைமை அலுவலகத்திலிருந்து கணினி அதிகாரியம்மா நேரில் வந்து, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

மேலாளரின் மனசில் வேறொன்றும் ஓடியது. எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்துப் 'பாதுகாப்பு அதிகாரி' என்று ஒரு புதுப் பதவி வரப்போவதாகப் பேச்சு. தனி அறை, தனி கார். அது தனக்குத்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவர் மனைவிக்கு அதைவிடச் சந்தேகமில்லை. தன் அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியே முடித்துவிட்டாள். இன்றைக்கு அதிகாரியம்மா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிடும் என்று, தன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அதன் பொத்தான்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"எல்லாம் ஒழுக்கம், மேடம்," என்றார். "மத்த கிளையில என்ன பண்றாங்க? ஓசியில சினிமா இறக்குறான். காலண்டர் இலவசம்னா அதையும் இறக்குறான். காலண்டர் தனியாவா வருது? மாமன், மச்சான்னு நாலு பேரைக் கூட்டிட்டு வந்து உள்ளே குந்திக்குது. என்ன ஏதுன்னு படிக்கிறதே இல்லை. சம்மதம், சம்மதம்னு அமுக்கிக்கிட்டே போறது! என் கல்யாணத்துலகூட நான் அத்தனை தடவை சொன்னதில்லை."

"கரெக்ட் சார். பாதி மெஷின்ல அந்தக் குப்பையை அள்ளவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு," என்றார் அதிகாரியம்மா.

"எங்க மெஷின்ல சீட்டாட்டம்கூடக் கிடையாதுங்க மேடம்," என்றார் ஸ்டோர்கீப்பர் நிமிர்ந்து நின்று.

"அதைச் சார் அழிச்ச அன்னிக்கு அண்ணன் மத்தியானம் சாப்பிடவே இல்லை," என்றாள் கேஷியர் அக்கா.

"நீ சும்மா இரும்மா!" என்றார் ஸ்டோர்கீப்பர்.

மேலாளர் சுவரைக் காட்டினார். 'தெரியாததைத் தொடாதே' என்று பெரிய எழுத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தது.

"நானே எழுதினது."

"அதைப் பாத்ததிலிருந்து அண்ணன் கால்குலேட்டரைக்கூடத் தொடறதில்லை மேடம்."

அதிகாரியம்மா சிரித்தபடி பேனாவை மூடினார்.

"எல்லாம் சரிதான் சார். ஆனா இந்த வைரஸ் அப்படி வரலை. மெயில்ல வந்துச்சு. அதுவும் தலைமை அலுவலகத்துச் சுற்றறிக்கை மாதிரியே. நம்ம முத்திரை, நம்ம எம்.டி. கையெழுத்து. நானே ஏமாந்திருப்பேன். பதிமூணு பேரும் நம்பித் திறந்துட்டாங்க. நீங்க மட்டும் அது போலின்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? அதை எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கணும்."

மேலாளர் கேஷியரைப் பார்த்தார். கேஷியர் ஸ்டோர்கீப்பரைப் பார்த்தாள். ஸ்டோர்கீப்பர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அனுபவம், மேடம்," என்றார் மேலாளர். "முப்பது வருஷம்! போலி வால்வுன்னா மோந்து பாத்தே சொல்லிடுவேன். மெயில் எம்மாத்திரம்?"

"பிரமாதம்! அந்த மெயிலைக் காட்டுங்களேன். ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்."

மேலாளர் பெருமையோடு நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். அதிகாரியம்மா மெயில் பெட்டியைத் திறந்தார். அந்த மெயில் திறக்கப்படாமல் அப்படியே இருந்தது. பலே. அதற்கு மேலே இருந்ததும் திறக்கப்படவில்லை. கீழே இருந்ததும் இல்லை. அவர் விரல் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. இரண்டு வருஷத்துச் சுற்றறிக்கைகள், ஒன்றுவிடாமல், கறுகறுவென்று கன்னி கழியாமல் கிடந்தன. மூலையில் எண் தெரிந்தது: 2,316.

"சார்... நீங்க மெயிலே பாக்கறதில்லையா?"

மேலாளர் கோட்டின் நடுப் பொத்தானைத் திருகினார். கேஷியர் அக்கா கைகொடுக்க ஓடி வந்தாள்.

"முக்கியமான விஷயம்னா போன் பண்ணுவாங்கன்னு சார்தான் மேடம் சொல்லியிருக்காரு. தலைமை அலுவலகத்து மெயிலை நாங்க திறக்கவே மாட்டோம். ஒண்ணைக்கூட!" அவள் குரலில் அத்தனை பெருமை.

அதிகாரியம்மாவின் விரல் மறுபடி மேலே ஏறி, போன திங்கட்கிழமை வந்த ஒரு மெயிலில் நின்றது.

"அப்ப இதையும் பாக்கலையா? பதினாலு கிளைக்கும் பாதுகாப்பு அதிகாரியா உங்களைத்தான் சார் தேர்ந்தெடுத்திருந்தோம். வியாழக்கிழமைக்குள்ள சரின்னு ஒரு வரி போடுங்கன்னு எழுதியிருந்தேன். பதிலே வரலை. விருப்பமில்லாதவரைப் போன் பண்ணித் தொந்தரவு பண்ண வேண்டாம்னு எம்.டி. சொல்லிட்டாரு. வேற ஆளைப் போட்டாச்சு."

கோட்டின் நடுப் பொத்தான் தெறித்து மேஜைக்கடியில் உருண்டது.

"யா... யாரை மேடம்?"

"ஒன்பதாம் கிளை மேனேஜரை. எந்த மெயில் வந்தாலும் அடுத்த நிமிஷமே திறந்துடுவாரு. இந்த வைரஸையும் முதல்ல திறந்தது அவருதான்."