மீதி எண்பது ஏக்கர்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. எங்கள் ஓக்லஹோமாப் பக்கம் என் வாயைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். சொல்லட்டும். இது நடந்தபோது நான் பத்திரப் பதிவு அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவும் திறந்திருந்தது.

வெர்லீனுக்கு வயது ஐம்பத்தெட்டு. ஒரு எண்ணெய்க் கம்பெனியிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. அவள் அப்பா கிளீட்டின் பழைய நூற்றறுபது ஏக்கரில், மண்ணுக்கு அடியில் இருக்கும் எண்ணெயில் பாதி அவளுடையதாம். எண்பது ஏக்கர். குத்தகைக்குத் தருவாளா என்று கேட்டிருந்தார்கள்.

மேல்மண் ஒருவனுக்கும் அடியில் இருப்பது இன்னொருவனுக்கும் சொந்தமாக இருப்பது எங்கள் ஊரில் சகஜம். வேறு யாராவது என்றால் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் புது வண்டி பார்க்கக் கிளம்பியிருப்பார்கள். வெர்லீன் கேட்டது வேறு.

"மீதி எண்பது எங்கே?"

அது ஊருக்கே தெரியும். பக்கத்து நிலத்து ஓடெல் கிரீர் விழுங்கிவிட்டான். வறட்சி வருடத்தில் தவித்துக்கொண்டிருந்த கிளீட்டிடம் ஒரு நொண்டிக் கோவேறு கழுதையைக் கொடுத்து, நூற்றறுபது ஏக்கரையும் எழுதி வாங்கிக்கொண்டவன். அதே வருடம் கிளீட் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்து, துக்க வீட்டுக்கு ஓடெலின் மனைவி கொண்டுவந்த பீச் பழ கேக்கை, ஏழு வயது வெர்லீன் நாய்க்கு வைத்தாள். ஏமாற்றி வாங்கியதை நிரூபித்து நிலத்தை மீட்பேன் என்று அப்பாவின் கல்லறையில் சொல்லியும் வைத்திருந்தாள்.

இப்போது ஓடெலுக்கு எண்பது வயது. விஷயம் கேள்விப்பட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி பதிவு அறை வாசலில் வந்து நின்றான்.

"கையெழுத்தைப் போட்டுட்டுப் போம்மா. பழைய புஸ்தகத்தையெல்லாம் கிளறாதே. தூசிதான் வரும்."

"திருடனுக்குத் தும்மல் வருதாக்கும்" என்று சொல்லிவிட்டு வெர்லீன் உள்ளே போனாள்.

மூன்று நாள் அப்பா பெயரிலேயே தேடினாள். மூன்றாம் நாள் அந்த விற்பனைப் பத்திரம் அகப்பட்டது. விலை பத்து டாலர் என்று எழுதியிருந்தது. கழுதை விலைகூட இல்லையே என்று மேஜையைத் தட்டினாள்.

பதிவாளர் நெல்டா சிரித்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரனுக்கு விலை தெரியக்கூடாது என்று இங்கே எல்லாப் பத்திரத்திலும் பத்து டாலர்தானாம். அவளுடைய செங்கல் வீடும் அதே விலைதானாம்.

"நிஜ விலை வேணும்னா ஓரத்துல ஸ்டாம்ப் எவ்வளவுன்னு பாரு. அந்தக் காலத்துல விலைக்குத் தக்கபடி ஒட்டணும்."

நெல்டாவே பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டாள். எட்டாயிரம் டாலர். அந்த வறட்சியில் எங்கள் வட்டாரத்தில் எவனும் கொடுக்காத விலை.

வெர்லீன் பென்சிலைப் பிடுங்கித் தானே ஒரு தடவை போட்டுப் பார்த்தாள்.

"இந்தப் பத்திரம் எழுதின வாரம் அப்பா சீட்டாடப் போயிருந்தார்" என்றாள். "திரும்பி வந்தப்ப தலையில தொப்பிகூட இல்லை. அம்மா ரெண்டு நாள் அடுப்பே மூட்டலை. ஏன்னு கேட்டா சொல்லவும் இல்லை."

நெல்டா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள்.

"அப்பா அடியில இருந்ததையும் சேர்த்து வித்திருக்காரே, நெல்டா. அப்ப என்னோட எண்பது எங்கேருந்து வந்துச்சு?"

"நீயும் எல்லாரையும் மாதிரி செத்தவர் பேர்லயே தேடுறே. உன் பேர்ல பார்த்தியா?"

பார்த்தார்கள். கிளீட்டைப் புதைத்த மறுவாரம் பதிவானது. மண்ணுக்கு அடியில் இருப்பதில் பாதியை, கிளீட்டின் மகள் வெர்லீனுக்கு ஓடெல் கிரீர் எழுதிக்கொடுத்திருந்தான். ஓரத்தில் ஒரு ஸ்டாம்ப்கூட இல்லை. விற்றிருந்தால்தானே ஒட்டுவதற்கு?

வெளியே வந்தாள். அன்றைக்கும் ஓடெல் தொப்பியும் கையுமாக வாசலில் வந்து நின்றிருந்தான்.

"ஐம்பது வருஷமா உங்களைத் திருடன்னு சொல்லிட்டிருக்கேன்."

"காது நல்லாத்தான் கேட்டுது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நிலம் போன கதைக்கு ஒரு திருடன் வேணும்மா. உங்கப்பன் படம் உன் வீட்டுச் சுவத்துல இருக்கு, தினம் பார்க்கணும். என்னை வேலிக்கு அந்தப் பக்கம் எப்பவாவது பார்த்தாப் போதும்." தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். "நானும் ஒண்ணும் பரிசுத்தவான் இல்லை. மீதிப் பாதியை எனக்குத்தானே வெச்சுக்கிட்டேன்."

வெர்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பீச் பழ கேக் எப்படிச் செய்வது என்று அவன் மனைவியிடம் கேட்க வேண்டும் என்றாள். பிறகு திடீரென்று அவள் குரல் மாறியது.

"அப்ப அந்தக் கழுதைக் கதையை ஊர் பூரா பரப்பினது எந்தப் பாவி?"

ஓடெல் மோட்டுவளையைப் பார்த்தான். பெஞ்சில் ஒருவன் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தான்.

கிளீட்டைப் புதைத்த அன்று சாயங்காலம் ஓடெல் அவனிடம்தான் வந்தான். "இந்த ஊர்ல உன் பொய்யைத்தான் எல்லாரும் நம்புவாங்க. நான் கிளீட்டை ஏமாத்திட்டேன்னு சொல்லிடு. அந்தப் பொண்ணு காதுல வேற எதுவும் விழக்கூடாது" என்றான்.

அவனும் சொன்னான். ஓடெல் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை, அந்த நொண்டிக் கழுதையைத் தவிர. வெர்லீன் இன்னும் அவனைத் தேடிக்கொண்டிருக்கிறாள். உங்களிடம் கேட்டால், இதைச் சொன்னது யார் என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள்.