வாயாடி

"துணியைக் கொடியிலயே விட்டுட்டு வந்துட்டீங்களா? வெளியில பாருங்க, கொட்டுது!"

ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடியே அவள் ஆரம்பித்துவிட்டாள். அதுதான் தங்களுடைய கடைசிச் சண்டை என்று தையற்காரருக்கு அப்போது தெரியாது.

"துணியைப் பார்ப்பேனா, உன்னைப் பார்ப்பேனா?"

"என்னைப் பார்த்துக் கிழிச்சது போதும். ஊரார் துணியைத் தைக்கத் தெரியுது, சொந்தத் துணியை எடுக்கத் தெரியல."

கல்யாணமான புதிதில் அவளுக்கு அவர் வைத்த பெயர் வாயாடி. பேச ஆரம்பித்தால் அடுப்பில் வைத்தது அடிப்பிடித்தால்கூட நிறுத்த மாட்டாள். இப்போதும் சண்டை உச்சத்தில் இருந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாள் பாட்டுக்குக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"அது கிடக்கட்டும். டாக்டர் வந்தா என்னைக் கேட்கச் சொல்லுங்க. வயிறு என்னோடது. அவர் என்னடான்னா உங்களைப் பார்த்து 'எங்க வலிக்குது'ன்னு கேட்கிறார். நீங்களும் பெரிய இவர் மாதிரி பதில் சொல்றீங்க!"

"சரி தாயே."

"ஆபரேஷன் வேணுமா வேண்டாமான்னும் நான்தான் சொல்வேன். நடுவுல புகுந்தீங்க, அப்புறம் இருக்கு."

"நான் ஏன் புகுறேன்? எனக்கு உயிர் மேல ஆசை இருக்கு."

அவள் சிரித்துவிட்டாள்.

மருந்து வாங்கக் கீழே போய்த் திரும்பினால், அதற்குள் டூட்டி மாறியிருந்தது. புதிதாக வந்த நர்ஸ் அவளுடைய இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டி, முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார். அவளுடைய கண்கள் மட்டும் சண்டைக்கு நின்றன.

"என்ன சிஸ்டர் இது! முதல்ல அவிழ்த்து விடுங்க!"

"ஜுர வேகத்துல கையைக் கையை ஆட்டறாங்க சார். சலைன் ஊசி ரெண்டு தடவை கழண்டுடுச்சு."

"டாக்டர் வர்ற நேரம். அவ பேசணும்."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தாராளமா பேசட்டும். நான் கையைத்தானே கட்டினேன், வாயையா கட்டினேன்?"

"வாயைத்தான் கட்டியிருக்கீங்க சிஸ்டர். அவளுக்குப் பிறவியிலயே காது கேட்காது, பேச்சும் வராது. எங்க வீட்டுல எல்லாப் பேச்சும் கையாலதான்."

முடிச்சு அவிழவும் டாக்டர் வரவும் சரியாக இருந்தது. டாக்டர் வழக்கம்போலத் தையற்காரரைப் பார்த்துக் கேட்டார். அவர் அவளைக் காட்டினார். அவளுடைய விரல்கள் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எடுத்துச் சொன்னார்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் கண் விழிக்கவில்லை. ஆனால் ஆபரேஷனுக்குச் 'சரி' சொன்னது அவள்தான், அவர் இல்லை.