காக்கிச் சட்டையில் கலியம்மாள்

புடவைக்கு மேல் கணவரின் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் சார்ஜ் இல்லாத கொசு பேட்டுடன், கலியம்மாள் எதிர் குவார்ட்டர்ஸின் படுக்கையறையில் நின்றாள்.

"பேசவே கூடாதாடி சங்கீதா?"

"மூணே வார்த்தைங்க்கா. கைய தூக்கு, திரும்பு, முடிஞ்சிது. கன்னத்த மட்டும் கிள்ளிடாதீங்க. ரெண்டே நிமிஷம்."

"ரெண்டு நிமிசமா! இன்னாடி இவ்ளோ நேரம் சொல்ற?"

அவ்வளவு நேரம் அவள் வாயை மூடியிருந்து யாரும் பார்த்ததில்லை. தூக்கத்திலும் கிடையாது. சந்தேகம் இருந்தால் அவள் கணவர் சிங்காரவேலைக் கேட்டுக்கொள்ளலாம்.

விஷயம் இதுதான். சங்கீதாவின் கணவன் நெடுமாறனுக்கு ஒடிசா சுரங்கத்துக்கு மாற்றலாகி இரண்டு வருடம். மகள் இசைப்பிரியாவுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். ரயிலில் ஒன்றரை நாள் என்பது நடக்காத காரியம். விமானமென்றால் ஒரு காலைப்பொழுது.

போன மாதம் சென்னை விமான நிலையம் வரை போனார்கள். பெண்களைச் சோதிக்கும் திரைக்குள், உடம்பைத் தடவிப் பார்க்கும் மட்டைக் கருவியோடு நின்ற காக்கி உடுப்பைக் கண்டதும் பிள்ளை அலறித் தரையில் படுத்துவிட்டது. விமானம் இவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

மறுபடி சனிக்கிழமை டிக்கெட். இந்த முறையும் திரையைத் தாண்டாவிட்டால், அப்பா என்பவர் வருடத்துக்கு இரண்டு தடவை வந்துபோகும் விருந்தாளிதான்.

ஒரு மாதமாக அந்த வீட்டில் நடந்ததற்கெல்லாம் கலியம்மாளே சாட்சி, ஜன்னல் வழியாக. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு உட்காருவார்கள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். பையைச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் தள்ளி, அந்தப் பக்கம் போய் எடுத்துக்கொள்வார்கள். செய்வினை கழிக்கிறார்கள் என்று நாலு வீட்டில் சொன்னவளும் அவள்தான். இல்லையாம், ஏரோப்ளேனுக்குப் பழகுகிறார்களாம் என்று அதே நாலு வீட்டில் திருத்திச் சொன்னவளும் அவள்தான்.

திரைக்குள் அம்மா நின்றால் பிள்ளை கையைத் தூக்கியது. ஸ்கூல் மிஸ் வந்து நின்றபோதும் தூக்கியது. கடைசியாகத்தான் கலியம்மாளைக் கூப்பிட்டார்கள்.

ஏன் தன்னை என்று அவள் யோசிக்கவே இல்லை. பிளாக்கிலேயே போலீஸ் தோரணை உள்ளவள் தான் ஒருத்திதானே. தன் வாசலிலிருந்து எதிர் வாசல் வருவதற்குள் இதை மூன்று பேரிடம் சொல்லியாகிவிட்டது.

கதவில் திரையாகத் தொங்கவிட்ட பழைய புடவை விலகியது.

இசைப்பிரியா உள்ளே வந்தாள். பார்த்தாள். பார்வை உடனே தரைக்குப் போய்விட்டது.

எப்போதும் இப்படித்தான். கலியம்மாளின் குரல் கேட்டாலே உள்ளே ஓடிவிடும். வளர்ப்பு சரியில்லை என்பது இரண்டு வருடமாக அவள் சொல்லிவரும் தீர்ப்பு.

"கைய தூக்கு."

தனக்கு இவ்வளவு சன்னமாகப் பேச வரும் என்பது அவளுக்கே புதிது.

கை எழவில்லை. காதுகளைப் பொத்திக்கொண்டு, பிள்ளை 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் முனக ஆரம்பித்தது. புடவைக்கு அடியில் சங்கீதாவின் கால்விரல்கள் மட்டும் தெரிந்தன. அவை தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தன.

அடி என் ராசாத்தி, அத்த உன்ன இன்னா பண்ணிடப்போறேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கன்னத்தைத் தேடி இரண்டு விரலும் நீண்டுவிட்டன.

கலியம்மாள் விரல்களை மடக்கினாள். பேச்சை விழுங்கினாள். ஐம்பத்திரண்டு வயதில் அவள் விழுங்கிய முதல் பேச்சு.

வெளியே ஷிப்ட் பஸ் வந்து நின்றது. யார் இறங்குகிறார்கள் என்று எட்டிப் பார்க்கவில்லை. பஸ் கிளம்பியும் போய்விட்டது.

முனகல் மெல்லத் தேய்ந்தது.

கொடியில் துணி போடுகிறவள் மாதிரி, இரண்டு கைகளும் மேலே போயின.

முன்பக்கம் ஒரு தரம் பேட் இறங்கியது. "திரும்பு." முதுகில் ஒரு தரம். தோள் வெடுக்கென்று சிலிர்த்தது. ஆனாலும் பிள்ளை நின்றது.

"முடிஞ்சிது."

சங்கீதா திரையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து கலியம்மாளின் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இவ அவங்க அப்பாகிட்ட போறான்னா அது உங்களாலதாங்க்கா."

கலியம்மாள் காலரை இழுத்துவிட்டுக்கொண்டாள். நாளைக்குப் பால் பூத்தில் இதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுகூட யோசித்துவிட்டாள்.

அதற்குள் பிள்ளை சுவரோரம் போயிருந்தது. அங்கே ஏணி வரைந்த சார்ட் ஒன்று. பயமாயிருப்பதையெல்லாம் சின்னது கீழே, பெரியது மேலே என்று படிக்கொரு படமாக ஒட்டி, பழகப் பழகப் பிய்த்து டப்பாவில் போட வேண்டும், மிஸ் சொல்லிக்கொடுத்தது. டப்பாவில் மிக்ஸி கிடந்தது. குக்கர், தெருநாய், பட்டாசு, ஷிப்ட் சங்கு எல்லாம் கிடந்தன. உச்சிப் படியில் மட்டும் ஒன்று மிச்சம்.

இசைப்பிரியா ஸ்டூலில் ஏறி அதைப் பிய்த்தாள்.

யார் வீட்டு வளைகாப்பு போட்டோவிலிருந்தோ வெட்டியெடுத்த கலியம்மாள், திறந்த வாயோடு, பட்டாசின் மேல் போய் விழுந்தாள்.

சங்கீதாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா... அது வந்து..."

கலியம்மாள் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த பிளாக்கில் இன்னும் எத்தனை வீடு. எந்தச் சுவரில், எத்தனையாவது படியில் தான் ஒட்டிக்கொண்டிருக்கிறோமோ, யார் கண்டது. இந்த ஒரு வீட்டில் மெனக்கெட்டு ஸ்டூல் போட்டு ஏறி இறக்கிவிட்டிருக்கிறார்கள்.

"நாளைக்கும் வரட்டாடி?" என்றாள்.

கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருந்தாள்.