போன வருஷத்திலிருந்துதான்

"இது எப்போலேருந்தும்மா?" என்று டாக்டரம்மா கேட்டதும் அவள் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். அதில் அவள் மகன் உட்கார்ந்திருந்தான்.

தனியாக வருவதாகத்தான் இருந்தாள். அவன் விட்டால்தானே! லீவு போட்டுவிட்டுக் கூடவே கிளம்பி வந்தான். வெளியே இருங்கள் என்று நர்ஸ் சொன்னதையும் காதில் வாங்கவில்லை.

"நான் கூட இருக்கேம்மா. எங்கிட்ட என்ன வெட்கம்?"

வெட்கமா? மலம் தன்னை மீறிப் போய்விடும் ஒருத்திக்கு வெட்கம் எத்தனை காலம்தான் தாங்கும்?

தபால் நிலையக் கவுன்டரில் அவளுக்கு வேலை. பதவி உயர்வு தேடிவந்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். புதுப் பதவிக்கான அறையிலிருந்து கழிப்பறைக்கு ஒரு மாடி இறங்க வேண்டும். அம்மாவுக்கு முன்னுக்கு வரும் ஆசையே கிடையாது என்று மகன் இன்றுவரை கிண்டல் செய்கிறான். அவனுடைய பட்டமளிப்பு விழாவுக்கும் தலைவலி என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த ஆராய்ச்சியைப் பற்றிச் செய்தித்தாளில் பார்த்தது அவள்தான். தொடையிலிருந்து துளித் தசை எடுத்து, அதன் செல்களை வளர்த்து, ஆசனவாயைச் சுற்றிப் பழுதான தசைக்குள் ஊசியால் செலுத்திப் பார்க்கிறார்கள். பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். யாரையெல்லாம் சேர்ப்பார்கள் என்றும் போட்டிருந்தது. தன்னைத் தெரிந்த யாரோ எழுதியதுபோல் இருந்தது அவளுக்கு. அடுப்பை அணைத்துவிட்டு அழுதாள்.

உண்மை தொண்டைவரை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மகன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவன் சுபாவமே அப்படி. எங்கே என்ன நடந்தாலும் பழியை இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்வான். அப்பாவுக்கு மாரடைப்பு வந்த அன்று தான் போனை எடுக்கவில்லையாம். இன்னமும் தூக்கத்தில் அதையே உளறுகிறான்.

"போன வருஷத்திலேருந்துதான்" என்றாள்.

டாக்டரம்மாவின் பேனா நின்றது. அதற்கு முன்னால் எதுவுமே இல்லையா? பிரசவத்தில் கஷ்டம் ஏதாவது? ஆயுதம் போட்டுக் குழந்தையின் தலையைப் பிடித்து எடுத்தார்களா? கிழிந்து தையல் போட்டார்களா? ஒவ்வொன்றாக, அவள் மனது மாற இடம் கொடுப்பதுபோல் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"இல்ல டாக்டர். சுகப்பிரசவம்."

"பிரசவத்துல தசை கிழிஞ்சவங்களை மட்டும்தாம்மா இதுல சேர்க்க முடியும்."

"பரவாயில்ல."

மகன் நிம்மதியாக மூச்சு விட்டான். ஊசி, ஆராய்ச்சி என்றாலே அவனுக்குப் பயம். வணக்கம் சொல்லி அவன் எழுந்தபோது டாக்டரம்மா அவன் முகத்தையே பார்த்தார். இடது காதுக்கு முன்னால், கன்னத்தில் ஒரு பழைய பள்ளம். விரலால் அழுத்திய மாவுபோல.

"அது என்ன தழும்பு, தம்பி?"

"இதுவா?" அவன் தடவிக்கொண்டு சிரித்தான். "கைக்குழந்தையா இருக்கும்போது கட்டில்லேருந்து விழுந்துட்டேனாம். அம்மாதான் சொல்லியிருக்காங்க."

டாக்டரம்மா அவளைப் பார்த்தார்.

"ஆமா டாக்டர்" என்றாள் அவள். "நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."