கீழ்வீட்டுக் கரண்டி

பிரிண்டரிலிருந்து பிடுங்கிய வயரை என் இசைக் கீபோர்டின் முதுகில் சொருகி, அதன் சொந்தச் சத்தத்தை அணைத்து, மறுமுனையைக் கம்ப்யூட்டரில் மாட்டுகிறேன். திரையில் பச்சைப் பொட்டு ஒன்று எரிகிறது. கம்ப்யூட்டரில் செருகிய ஹெட்போனுக்குள் நான் வாசிக்கும் கல்யாணப் பாட்டு முழங்குகிறது. வெளியே கட்டைகள் அமுங்கும் தொப் தொப் மட்டும். பல்கேரியாவின் ப்ளோவ்திவ் நகரத்துப் பிற்பகல் வெயில், யாரோ பால்கனியில் சுடும் குடைமிளகாயின் புகையோடு ஜன்னலில் நிற்கிறது. சுவரோரம் எல்லா மாடிக்கும் வெந்நீர் கொண்டுபோகும் இரும்புக் குழாய் இன்று வாயைத் திறக்கவில்லை. பதினொரு வருஷமாக நான் முதல் சுரத்தைத் தொட்டதுமே கீழ்வீட்டு தோத்கா அக்கா சத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கரண்டியால் அந்தக் குழாயை அடித்துவிடுவாள். வாசல் மணி அடிக்கிறது. தோத்கா அக்காதான், மாவு படிந்த கையில் அதே கரண்டி. அவள் கண் என்னைத் தாண்டி உள்ளே எதையோ தேடுகிறது.

“என்னடி ராலித்ஸா, உடம்புக்கு முடியலையா? மணி நாலாச்சு, ஒரு சத்தத்தையும் காணோம்.”

“இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்லக்கா. எல்லாம் என் காதுக்குள்ளேயே கேட்டுக்கும்.”

அவள் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். “அப்ப நான் யாரோடடி சண்டை போடுறது?”

பதிலுக்கு நிற்காமல் படியிறங்குகிறாள். செருப்புச் சத்தம் போய்க் கீழ்க்கதவு சாத்தும்வரை காத்திருக்கிறேன். ஹெட்போன் வயரைப் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு கட்டையை அழுத்துகிறேன். அந்தச் சுரம் அடங்குவதற்குள் குழாய் டங்கென்கிறது.